வெந்த நண்டு

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம். அதன் மேல் என் மகள் சேற்று வாளியை வைத்திருந்தாள், எத்தனை தரம் துடைத்தாலும் நாற்றம் போகவில்லை. இதில் உட்காருங்கள். இந்த வீட்டில் நாற்றமில்லாத நாற்காலி இது ஒன்றுதான். யாருக்கும் விடமாட்டேன். நீங்கள் வெளியூர், அதனால்.

என் மகள் தையல் வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். கடல் தண்ணீர் வடிந்தால்தான் அவளுக்கு வேலை, ஏறினால்தான் வீடு. அலையாத்திக் காட்டுக்குள் போன் எடுக்காது, நீங்கள் கூப்பிட்டுப் பயனில்லை. மேடத்தைப் பார்க்க வேண்டும், சேறு விஷயமாக என்றீர்கள். சரி என்று உள்ளே கூப்பிட்டுவிட்டேன். பெயரைக் கேட்டிருக்க வேண்டும். முகத்துக்கு நேரே ஒருவரைப் பெயர் கேட்க எனக்குக் கூச்சம். ரைஸ்மில்லில் மூட்டைக் கணக்குப் பார்த்த காலத்திலேயே அப்படித்தான். லாரி டிரைவரிடம் பெயர் கேட்கமாட்டேன், லாரி நம்பரைப் பார்த்து எழுதிக்கொள்வேன். நீங்கள் பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள், அதற்கும் வழியில்லை.

ஆராய்ச்சியில் சேர வந்திருக்கிறீர்கள், இல்லையா? தலை நரைத்திருக்கிறதே என்று பார்த்தேன். அதனால் என்ன, இப்போது நரைத்த பிறகுதான் பி.எச்டி.க்கு வருகிறார்கள். டீயைக் குடியுங்கள். குடித்துக்கொண்டே கேளுங்கள். பெற்ற மகளைப் பற்றி ஒரு தகப்பன் இப்படிச் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். இவளிடம் சேராதீர்கள். தேறாத இடம். மூன்று மாநிலக் கடற்கரைக்கும் சேர்த்து ஒரு பெரிய ஆராய்ச்சி வந்தது சார், ஐந்து வருஷத்து வேலை. அதற்கு இவள்தான் தலைவி என்று எல்லாம் பேசி முடித்தாயிற்று. இப்போது ஒரே ஒரு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் எழுதி அனுப்பாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். எழுதமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். இல்லை, உட்கார்ந்துகூட இல்லை. சேற்றில் மண்டி போட்டிருக்கிறாள்.

எனக்கு அருவருப்பாக இருக்கிறது சார். சேற்றைச் சொல்லவில்லை. சேறும்தான். மொத்தத்தையும் சொல்கிறேன்.

ஒருவர் முன்னுக்கு வந்தால் அது கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? மில்லில் நல்ல மகசூல் என்றால் மூட்டை கூரையைத் தொடும். வாசலில் நின்றே சொல்லிவிடலாம். பக்கத்துத் தெருவில் ரத்தினசபாபதி இருக்கிறான், என் தங்கையின் மருமகன். அவனும் பேராசிரியர்தான், இவள் வயதுதான். அவன் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் பெயர்ப் பலகை, அதில் பெயர் ஒரு வரி, பட்டங்கள் மூன்று வரி. கூடத்துக்குள் நுழைந்தால் கண்ணாடி ஷோகேஸ், அது நிறைய ஷீல்டு, மெடல், கோப்பை. பொன்னாடைக்கென்றே ஒரு பீரோ. முந்நூறு கட்டுரை எழுதியிருக்கிறான். முந்நூறு! அவன் மாணவனுக்கு வைவா நடந்தால் அன்று முழுத் துறைக்கும் பிரியாணி. வெளியூரிலிருந்து வருகிற பரீட்சைக்காரருக்குப் பட்டுவேட்டி, பழத்தட்டு, போகவர ஏ.சி. கார். பையன் வீட்டார்தான் செய்கிறார்கள். செய்ய வேண்டியதுதானே, பிள்ளைக்கு டாக்டர் பட்டம் சும்மாவா வரும்?

இவள் மாணவி ஒருத்திக்கு வைவா நடந்தது. அந்தப் பெண்ணின் அப்பா மீன் ஏலக்கூடத்தில் கூலி. அவர் கடன் வாங்கிச் சாப்பாடு ஏற்பாடு செய்யப் போகிறார் என்று தெரிந்து, இவள் அவரை ஆள் விட்டுத் தடுத்துவிட்டாள். பரீட்சைக்காரருக்கு என்ன தெரியுமா? நம் வீட்டுப் புளிசாதம். நான்தான் கிளறினேன். உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். பெரிய மனிதர், எங்கிருந்தோ வந்தவர், இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று வந்து சொல்கிறாள். வேறு என்ன செய்வார் பாவம், பசி.

இவள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் தெரியுமா? நண்டு வளையை எண்ணுகிறாள். ஒற்றைக் கை மட்டும் பெரிதாக இருக்குமே, அந்தச் சின்ன நண்டு. தின்னக்கூட உதவாது. சேற்றில் கயிறு கட்டிக் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் எத்தனை ஓட்டை என்று எண்ணுகிறாள். ஓட்டை நிறைய இருந்தால் சேறு மூச்சுவிடுகிறதாம், மரம் பிழைக்குமாம். இருபது வருஷமாக எண்ணுகிறாள். எண்ணுகிற வேலை எனக்குத் தெரியாததில்லை. ஆனால் நான் எண்ணியது நெல். எண்ணி முடித்தால் லாரியில் ஏறிப் போகும், ஊர் சாப்பிடும். ஓட்டையை எண்ணினால் என்ன ஏறிப் போகும்?

சரி, ஊரில் மரியாதையாவது உண்டா? அதுவும் இல்லை. காட்டிலாகா ஆட்கள் ஆற்றுமுகத்தில் கன்று நடப் போனார்கள். ஜீப், கன்று, ஆட்கள் எல்லாம் வந்து இறங்கிவிட்டன. இவள் போய், இந்த இடத்தில் நடாதீர்கள், இன்னும் மூன்று வருஷம் விட்டுவிடுங்கள் என்றாளாம். உடனே ஏற்றிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்கள். ஒரு அரசாங்க வேலையை நிறுத்தியவள் என்று பெயர். நண்டு பிடிக்கிற ஆட்கள் விடியும்போதே வாசலில் வந்து நின்று, எந்த மாதம் வலை போடலாம் என்று இவளைக் கேட்கிறார்கள். ஜோசியக்காரி மாதிரி. போன வருஷம் பர்மா பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பத்து நாள் இந்தக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். ஊருக்குக் கிளம்பும்போது அழுதாள். என்ன கஷ்டமோ, நம் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல.

பத்திரிகையில் போட்டோ உண்டா? கிடையாது. விழா மேடையில் நாற்காலி உண்டா? கிடையாது. ரத்தினசபாபதிக்கு நூறாவது கட்டுரைக்குப் பாராட்டு விழா நடந்தபோது நானும் இவளும் போனோம். வெளிமாநிலத்திலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் மேடையில் நாலு வார்த்தை பேசிவிட்டுக் கீழே இறங்கினார். நேரே வந்து இவள் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். விழா முடிகிறவரை இவளிடமே குனிந்து பேசிக்கொண்டிருந்தார், கையில் பேப்பர் வைத்துக் கோடு போட்டுப் போட்டு. மேடையில் ரத்தினசபாபதி பூமாலையோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஒரு விருந்தாளியை மேடையிலிருந்து இழுத்து வைத்துக்கொண்டாளே என்று.

இதெல்லாம்கூடப் பொறுத்தேன். பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது, அதைச் சொல்கிறேன்.

ஒருநாள் கையில் போனை வைத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடி வந்தாள். நாற்பத்தைந்து வயதுப் பெண், சின்னப் பிள்ளை மாதிரி. "அப்பா, கோவாலேருந்து ஒருத்தர் என் கணக்கு தப்புன்னு எழுதியிருக்கார்ப்பா." முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. தப்பு என்றா எழுதியிருக்கிறார் என்று மறுபடி கேட்டேன். "ஆமாப்பா. ரெண்டு வருஷம் சேத்துலயே உக்காந்து பாத்திருக்கார். மழை முடிஞ்ச கையோட ஒரு நண்டு ரெண்டு வாசல் வைக்குதாம். நான் ரெண்டு நண்டுன்னு எண்ணிட்டேன்."

கேட்டீர்களா? ஒன்றை இரண்டாக எண்ணியிருக்கிறாள். என் மகள். மில்லில் ஒரு மூட்டையை இரண்டு தரம் எண்ணியவனை மறுநாள் உள்ளே விடமாட்டார்கள். நானாக இருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போயிருப்பேன். இவள் என்ன செய்தாள்? செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் ஜிலேபி வாங்கி வந்தாள். எனக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு நாலு. எதற்கு ஜிலேபி என்று அவர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது? என் மகள் தப்பாக எண்ணியதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், சாப்பிடுங்கள் என்றா?

அதோடு விட்டாளா? அந்த ஆள் சொன்னது எங்கோ ஒரு மூலையில்தான் கிடந்தது, நம் ஊரில் யாருக்கும் தெரியாது. இவளே உட்கார்ந்து, ஆமாம், என் கணக்கு தப்பு, அவர் சொல்வதுதான் சரி என்று ஊரறிய ஒரு கட்டுரை எழுதினாள். அதில் அவர் பெயரை முதலில் போட்டாள். தாசையன் என்று பெயர். டாக்டர் தாசையன், கோவா.

பார்த்து சார், புரையேறிவிட்டதா? தலையில் தட்டிக்கொள்ளுங்கள். இந்தாருங்கள், தண்ணீர்.

அந்த ஜிலேபியை நான் தொடவில்லை. எறும்புதான் தின்றது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இவளால் ஆகாது, நான்தான் ஏதாவது செய்ய வேண்டும். ரத்தினசபாபதி வந்திருந்தான். "மாமா, தையலுக்கு இத்தனை வருஷத்துல ஒரு விருது கூடவா வரலை?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான், ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு அவனே இரக்கப்பட்டு ஒரு போன் நம்பர் கொடுத்தான். ஒரு அகாடமி. பேர், போட்டோ, பதிவுக் கட்டணம், மூன்றும் அனுப்பினால் போதுமாம், தகுதியை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். எவ்வளவு நல்ல ஏற்பாடு பாருங்கள். கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் நானே அனுப்பினேன். போட்டோவுக்குத்தான் திண்டாட்டம். இவள் போட்டோவே எடுத்துக்கொள்வதில்லை, ரேஷன் கார்டுக்கு எடுத்ததுதான் இருந்தது.

ஒரு வாரத்தில் பதில். உலக ஆய்வுச் சிகரம் விருது. உலகம், கவனியுங்கள். மாவட்டம்கூட இல்லை.

திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. இவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வருவாளா? அன்றைக்கு அமாவாசை, தண்ணீர் வெகுதூரம் வடியும், காட்டைவிட்டு வரமாட்டாள். நானே வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். அவளுக்குப் பதிலாக வாங்கிக்கொள்ள அனுமதி உண்டா என்று வாசலில் கேட்டேன். யார் வேண்டுமானாலும் வாங்கலாம், டோக்கனைக் காட்டுங்கள் என்றார்கள்.

விழாவைப் பற்றிக் கேட்காதீர்கள். நான் ஒழுங்கு பார்க்கிறவன். முடி இறக்குகிற இடம் மாதிரி வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் டியூஷன் சென்டர் வைத்திருப்பவர், அவருக்கும் உலக ஆய்வுச் சிகரம். பின்னால் நின்ற அம்மாவுக்கு அழகு நிலையம், அவருக்கும் அதே சிகரம். எத்தனை சிகரம் என்று எண்ண ஆரம்பித்து, நூற்றைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். பரிசு கொடுத்தவர் டி.வி. சீரியலில் மாமனாராக வருகிறவர். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தி, ஷீல்டைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்ததும், இந்தப் பக்கம் படியில் ஒரு பையன் நின்று பொன்னாடையை உருவிக்கொள்கிறான். மடித்து மேடைக்குப் பின்னால் போகிறது. அந்தப் பக்கமாகத் திரும்பி வருகிறது. முதலில் நான் நம்பவில்லை. ஒரு ஆடையின் ஓரத்தில் ஊதுவத்தி சுட்ட ஓட்டை இருந்தது. அதன் மேலேயே கண் வைத்துக்கொண்டிருந்தேன். டியூஷன்காரர் தோளிலும் அதே ஓட்டை. என் தோளுக்கும் அதுவே வந்தது. ஊரார் வியர்வை எல்லாம் அதில் இருக்கிறது சார். அப்படி ஒரு நாற்றம். இவளுடைய சேற்று வாளி தேவலாம்.

நான் யாரிடமும் வாய் திறந்து சண்டை போடுகிறவன் இல்லை. ஆனால் அந்தப் பையன் கையை நீட்டியபோது என்னவோ ஒரு வேகம் வந்துவிட்டது. விருது என் மகளுடையது, ஆடையும் அவளுடையது. இறுக்கிப் போர்த்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். "பெரியவரே, பெரியவரே" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். பஸ் ஸ்டாண்டு வரை திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மண்டபத்தில் சொந்தமாக ஒரு பொன்னாடையோடு வெளியே வந்தது நான் ஒருவன்தான். துவைத்து, இஸ்திரி போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.

மறுநாள் பிளெக்ஸ். தெருமுனையில் பெரிதாக வைத்தேன். பிளெக்ஸ்காரப் பையன் கெட்டிக்காரன். ரேஷன் கார்டு முகத்தை எடுத்துக் கறுப்பு அங்கி போட்ட வேறு ஒரு உடம்பில் ஒட்டிவிட்டான். பின்னால் உலக உருண்டை, ராக்கெட், மைக்ராஸ்கோப். ராக்கெட் எதற்கு என்று கேட்டேன். ஆராய்ச்சி என்றால் ராக்கெட் போட வேண்டும் தாத்தா என்றான். சரி, ஆனால் நண்டு வேண்டும், அதுதானே இவள் தொழில் என்று பிடிவாதமாகச் சொன்னேன். அவனிடம் இருந்த ஒரு நண்டைப் போட்டான். நல்ல சிவப்பு. தூரத்திலிருந்தே தெரியும்.

சாயங்காலம் இவள் சைக்கிளில் வந்தாள். தெருமுனையில் இறங்கி நின்றாள். நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அண்ணாந்து பார்த்தாள், வெகுநேரம். நான் மெள்ளப் போய் பக்கத்தில் நின்றேன். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போல என்று நினைத்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அப்பா, அது வெந்த நண்டு."

அவ்வளவுதான். ஹோட்டல் பிளெக்ஸிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறான், உயிரோடு இருக்கிற நண்டு சிவப்பாக இருக்காதாம். எனக்கு எப்படித் தெரியும்? அப்பா, நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. ஏன் செய்தாய் என்று திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அரிவாளை எடுத்து வந்து கயிற்றை அறுத்தாள். சுருட்டினாள். மறுநாள் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அதை இப்போது என்ன செய்கிறாள் தெரியுமா? சேற்றில் விரித்து அதன் மேல் மண்டி போட்டு எண்ணுகிறாள். கால் புதையாமல் இருக்கிறதாம். "நல்ல கெட்டி பிளெக்ஸ்ப்பா" என்கிறாள். தன் முகத்தின் மேல் தானே முழங்காலை ஊன்றி உட்காருகிறவளை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

ஷீல்டா? அது வாளிக்கு மூடி. கனமாக இருக்கிறதாம், பூனை தள்ளாதாம்.

இனிமேல்தான் விஷயம். அந்த அகாடமிக்காரர்கள் விருது வாங்கியவர்கள் பெயரையெல்லாம் இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து யாரோ, இந்தப் பெண் காசு கொடுத்து விருது வாங்கியவள், இவளையா தலைவியாகப் போடுவது என்று மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறான். எவன் என்று தெரியவில்லை. புகார் போன சங்கதியை ரத்தினசபாபதிதான் முதலில் வந்து என்னிடம் சொன்னான், இவளுக்கே தெரிவதற்கு முன்னால். அவ்வளவு அக்கறை. அவனும் அந்தத் தலைவர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான், இருந்தும் வந்து சொன்னான் பாருங்கள், அதுதான் சொந்தம்.

அந்தப் பெரிய ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிற குழுவிலிருந்து இவளுக்குக் கடிதம். இந்த விருது எப்படி வந்தது, விளக்கம் தருக. எவ்வளவு சுலபமான கேள்வி! ஆமாம், உலக விருது வாங்கியிருக்கிறேன், போட்டோ இணைத்திருக்கிறேன் என்று எழுதினால் அவர்களே எழுந்து நின்று கைதட்டமாட்டார்களா? எழுதவில்லை. முந்தாநாள் அவள் மாணவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது. "எழுதினா ஒரே வரிதான். ஆனா அதுல எங்கப்பா பேர் வருமே. அது வேண்டாம்மா. வேலை போனாப் போகட்டும்."

சார், அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ரைஸ்மில்லில் மூட்டை எண்ணியவன் பெயரை ஒரு காகிதத்தில் எழுத என் மகளுக்குக் கூச்சம். இவள் படிப்புக்கு அந்த மூட்டைதான் சோறு போட்டது. ஐந்து வருஷத்து வேலையை விட்டாலும் விடுவாளாம், என் பெயரை எழுதமாட்டாளாம். அவ்வளவு அசிங்கமாகப் போய்விட்டேன்.

என்ன கேட்டீர்கள்? அவளுக்குத் தெரியாதா என்றா? எது, விருதுக்குப் பணம் கட்டியதா? சத்தியமாக அப்போது தெரியாது சார். தெரிந்தால் விட்டுவிடுவாளா? பேர் கொடுத்தது நான், போட்டோ கொடுத்தது நான், கட்டியது நான், மேடை ஏறியது நான். பிளெக்ஸைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரியும். ஏன் சார், இதையே திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள்? மூன்று தரம் கேட்டுவிட்டீர்கள். நீங்கள் ஆராய்ச்சியில் சேர வந்தவர், உங்களுக்கு எதற்கு இது?

சேர வரவில்லையா?

தாசையனா? எந்தத் தாசையன்?

நீங்களா அது? என் மகள் கணக்கு தப்பு என்று எழுதிய ஆள் நீங்களா? நல்ல நாற்காலியைக் கொடுத்து, டீயும் கொடுத்து, இவ்வளவு நேரம்... கொஞ்சம் இருங்கள். அந்தக் குழுவில் வேறு இருக்கிறீர்களா? அதற்காகத்தான் நேரில் வந்தீர்களா? தப்பு என்று சொன்னவரையே விளக்கம் கேட்கிற குழுவிலும் போட்டிருக்கிறார்கள். இவளுக்கு விமோசனமே இல்லை.

இருங்கள், எழுந்திருக்காதீர்கள். இதோ வந்துவிட்டேன். பீரோச் சாவி எப்போதும் சட்டைப்பையில்தான் இருக்கும்.

குனியுங்கள் சார். கொஞ்சம் குனியுங்கள், நான் உயரம் குறைவு. இதுதான் அந்தப் பொன்னாடை, துவைத்தாயிற்று, பயப்படாதீர்கள். ஓட்டை உள்பக்கம் வருகிற மாதிரி போர்த்துகிறேன். எனக்கும் மரியாதை செய்யத் தெரியும். ஒரே ஒரு உதவி செய்யுங்கள். அவள் எண்ணியது சரிதான், நண்டுக்கு ஒரு வாசல்தான் என்று மாற்றி எழுதிவிடுங்கள். பெரிய மனிதர் சொன்னால் நண்டு கேட்காதா?

ஏன் சார் சிரிக்கிறீர்கள்? கண்ணைத் துடைக்கிறீர்களே, டீ இன்னும் தொண்டையில் நிற்கிறதா?

அது தப்புதானா? தப்பு என்று அவளே ஒத்துக்கொண்டு எழுதினாளே என்கிறீர்களா? அதற்காகத்தான் அவளைத் தலைவியாகப் போடச் சொன்னீர்களா? நீங்களா சொன்னீர்கள்? தப்பாக எண்ணியவளையா? உங்கள் ஆட்களின் கணக்கே எனக்குப் புரியவில்லை சார்.

விளக்கம் கிடைத்துவிட்டதா? எப்படி? அவள்தான் ஒரு வரியும் எழுதவில்லையே.

என்னைக் காப்பாற்றவா? எதிலிருந்து? காகிதத்தில் போட்டால் என் பெயர் கெட்டுவிடும் என்றா எழுதாமல் இருந்தாள்? அசிங்கம் என்று இல்லையா?

கொஞ்சம் இருங்கள்.

இல்லை, ஒன்றுமில்லை. அந்தத் தண்ணீரை இப்படிக் கொடுங்கள்.

மில்லில் நாற்பது வருஷம் சார். எத்தனையோ சிட்டையில் கணக்கு எழுதியிருக்கிறேன், ஒன்றிலாவது என் பெயர் இருந்ததில்லை. அதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது? பேனா வைத்திருக்கிறீர்களா? எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கலியபெருமாள். தகப்பனார் பெயர் முருகையன். விருதுக்கு எழுதிப் போட்டது, கட்டியது, வாங்கியது எல்லாம் கலியபெருமாள். நன்றாக எழுதுங்கள், கூச்சப்படாமல் எழுதுங்கள்.

கேட் சத்தம் கேட்கிறதா? அவள்தான். கையில் சுருட்டி வைத்திருக்கிறாள் பாருங்கள், அதுதான் பிளெக்ஸ். எழுந்திருக்காதீர்கள், பொன்னாடை நழுவுகிறது.

என்னம்மா தையல், அங்கேயே நின்று பார்க்கிறாய்? உன்னைத் தேடித்தான் வந்திருக்கிறார். வா, வா. வாளியை மட்டும் வாசலிலேயே வை. சார் மேல் பொன்னாடை இருக்கிறது.